கப்பல் இருந்த இடம்

மூன்றாவது மாடியில் குடியிருந்த தொப்பிக்காரம்மாவுக்கு உலக வரைபடத்தில் ஒரே ஓர் இடம்தான் தெரியும். அதுவும் ஊர் இல்லை, தீவு இல்லை, வெறும் நீலம். வடக்கு முப்பத்தொரு டிகிரி பதினான்கு நிமிடம், மேற்கு நாற்பத்திரண்டு டிகிரி ஐம்பது நிமிடம். சொந்த செல்பேசி எண்ணைக் கேட்டால் தடுமாறுகிறவள், இந்த எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வாள். அங்கேதான் அவள் மகன் இருக்கிறான். இருக்கிறான் என்றுதான் சொல்வாள். யாராவது அதைத் திருத்தப் பார்த்தால் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள்.

இருபத்திரண்டு வருடமாக ஒரே தொழிற்சாலையில் தொப்பி தைத்துக்கொண்டிருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். ஆறு துண்டுகளை இணைத்து, உச்சியில் பொத்தான் வைத்து, தொப்பியின் வாயைச் சுற்றி உள்பட்டி பிடித்துக் கொடுக்க வேண்டும். நாளொன்றுக்கு நூற்றிருபது தொப்பி. ஒரு ஆளைப் பார்த்ததும் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், இவள் தலைச் சுற்றளவைப் பார்ப்பாள். மேற்பார்வையாளருக்கு அறுபத்திரண்டு சென்டிமீட்டர், உள்ளே ஒன்றும் இல்லாமலே அவ்வளவு என்பாள். மகனுக்கு ஐம்பத்தெட்டு. ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்ட அவனை வீட்டிலும் தெருவிலும் நெட்டை என்றே கூப்பிட்டார்கள். கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டு வளர்ந்த பிள்ளை, இருபத்தொரு வயதில் சரக்குக் கப்பலில் தளப் பணியாளனாகச் சேர்ந்தான். கயிறு இழுப்பது, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, காலை நாலு முதல் எட்டு, மாலை நாலு முதல் எட்டு என்று இருவேளையும் காவல் நிற்பது. அதுதான் வேலை.

மூன்றாவது பயணத்தில் அவன் காணாமல் போனான். ஆட்களைக் கப்பலுக்கு அனுப்பிவைக்கும் முகவர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை எழுதிய மகராசன் வருத்தம் தெரிவிக்க நாலு வரி செலவழித்திருந்தார். விஷயத்துக்கு ஒரே வரி: இன்ன தேதி, கப்பல் நேரப்படி மாலை நாலரை மணிக்கு, இன்ன அட்சரேகையில், இன்ன தீர்க்கரேகையில் உங்கள் மகன் கடலில் காணாமல் போனார். தேடினோம், கிடைக்கவில்லை. அவ்வளவுதான். கை கழுவியாயிற்று.

அவளுடைய கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். எங்கே போனீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவள் இல்லை.

அழுது ஓய்ந்த பிறகு அவளுக்கு அந்த எண்கள் மட்டும் மிஞ்சின. பிணம் இல்லை, குழி இல்லை, சாம்பல் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எப்படி, எங்கே என்று கேட்டுவிட்டு, கடல் என்றதும் உச்சுக்கொட்டி நிறுத்திக்கொண்டார்கள். கடல் என்றால் எந்தப் பக்கம்? அவளுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். ஒரு தாய் தன் பிள்ளை இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பி உட்காரக்கூட முடியவில்லை என்றால் அது என்ன பிழைப்பு.

முதல் மாடியில் இருந்த குடும்பத் தலைவரின் தம்பி ஒருவன் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்தான். கட்டடத்தில் எல்லோருக்கும் அவன் கப்பல்காரன். விடுமுறையில் வந்திருந்த அவனை அவள் கையோடு பிடித்துக்கொண்டாள். கடையில் வாங்கிய உலக வரைபடத்தைத் தையல் மேசையின் மேல் விரித்து, காட்டு தம்பி என்றாள். அவன் கிடைமட்டக் கோடுகளைக் காட்டி அட்சரேகை என்றான். நடுவில் பூமத்திய ரேகை, அங்கிருந்து வடக்கே தொண்ணூறு, தெற்கே தொண்ணூறு. மேலிருந்து கீழே இறங்கும் கோடுகள் தீர்க்கரேகை, ஒரு கோட்டைச் சுழி என்று வைத்துக்கொண்டு கிழக்கே நூற்றெண்பது, மேற்கே நூற்றெண்பது. ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். அவள் தலையாட்டினாள். ஒன்றும் ஏறவில்லை.

மறுநாள் தொழிற்சாலையில், ஆறாவது துண்டை வைத்து மூட்டும்போது கை நின்றது. வாய்ப்பக்கம் அகலமாக இருக்கிற துண்டு மேலே போகப் போகக் குறுகி, பொத்தானுக்கு அடியில் ஒன்றுமில்லாமல் போகிறது. துண்டுக்குத் துண்டு நடுவே இறங்குகிற தையல் தீர்க்கரேகை. தொப்பியைச் சுற்றி ஓடுகிற தையல் வரிசை அட்சரேகை. பொத்தான்தான் வட துருவம். இன்னொரு தொப்பியை எடுத்து வாயோடு வாய் பொருத்தினாள். முழு பூமி கையில் இருந்தது. இந்தச் சின்ன விஷயத்துக்கா அவன் அவ்வளவு நேரம் வாய் வலிக்கப் பேசினான் என்று தோன்றியது. மகன் போன பிறகு முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாகவே முடியவில்லை. பக்கத்து இயந்திரக்காரி எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்றால் ஒரு கடல் மைல், ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூற்றைம்பது மீட்டர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். தீர்க்கரேகையில் ஒரு டிகிரியின் அகலம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல, பூமத்திய ரேகையில் அறுபது கடல் மைல், நெட்டை இருக்கும் அட்சரேகையில் ஐம்பத்தொன்று சொச்சம்தான் என்பதைத் தொப்பித் துண்டை வைத்து அவளே கப்பல்காரனுக்குச் சொன்னாள். கடிதத்தில் நிமிடம் வரைக்கும்தான் இருந்தது, அதற்குக் கீழே இல்லை. அப்படியானால் அவன் இருப்பது ஒரு புள்ளியில் இல்லை, நீள அகலம் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உள்ள ஒரு கட்டத்துக்குள். தங்கள் குடியிருப்புப் பகுதியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சரி, பகுதி தெரியும், தெருதான் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வரைபடத்தைப் படுக்கையறைச் சுவரில் ஒட்டி, அந்த இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்தினாள். துணிகளைப் பிடித்துவைக்கும் சாதாரணக் குண்டூசிதான்.

இன்னொரு தேறுதலும் அவளுக்கு இருந்தது. யாரிடமும் அதை முழுக்கச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நெட்டை கூப்பிடுவான். காலைக் காவல் எட்டு மணிக்கு முடியும், சாப்பிட்டுவிட்டு, துணி துவைத்துப் போட்டுவிட்டு, வீட்டோடு பேசிவிட்டுத் தூங்கப் போவான். அந்த ஞாயிறு அவன் கூப்பிடவில்லை. மாலை ஆறரை மணிக்கு அவளே கூப்பிட்டாள். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. முகவர் அலுவலகத்தின் அவசர எண் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கணவர், "ஆபீசுக்கு ஒரு போன் போட்டுப் பாக்கலாமா?" என்றார்.

அவள்தான் தடுத்தாள். "விடுங்க. நாலு மணிலேர்ந்து நின்ன புள்ள. தூங்கட்டும்."

கடிதம் வந்த பிறகு அவள் கணக்குப் போட்டாள். பூமி ஒரு நாளில் முந்நூற்றறுபது டிகிரி சுற்றுகிறது, பதினைந்து டிகிரிக்கு ஒரு மணி நேரம். வீட்டுக்கும் கப்பலுக்கும் நடுவே நூற்றிருபத்தைந்து டிகிரி, ஆக ஏறக்குறைய எட்டரை மணி நேரம் வித்தியாசம். அவள் கூப்பிட்டபோது அங்கே காலை பத்து. கடிதம் சொன்ன நேரம் மாலை நாலரை. நடுவில் ஆறரை மணி நேரம். அப்படியானால் போன் அடித்தபோது அவன் உயிரோடு, போர்த்திக்கொண்டு, கால்களைச் சுவரில் இடித்துக்கொண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நல்லவேளை எழுப்பவில்லை. கடைசித் தூக்கத்தையாவது நிம்மதியாகத் தூங்கினான். இதை அவள் இரண்டு வருடமாக மனதுக்குள் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். வேறு எதைத் தடவுவாள்?

கப்பல்காரனுக்கு அதே தடத்தில் போகும் கப்பலில் வேலை கிடைத்தபோது அவள் ஒரு தொப்பி தைத்துக் கொடுத்தாள். கருநீலம், ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். உள்பட்டியில் அந்த எண்களை நூலால் தைத்திருந்தாள். அந்த இடத்தில் போட்டுவிடு தம்பி என்றாள். அவன் அவள் கணவரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். சரிக்கா என்று வாங்கிக்கொண்டான்.

சொன்னபடி செய்தான். இரண்டு மாதத்தில் ஒரு வீடியோ வந்தது. கருவியில் எண்கள் தெரிகின்றன, முப்பத்தொன்று பதினான்கு, நாற்பத்திரண்டு ஐம்பது. பிறகு அவன் கை, கையில் தொப்பி. தொப்பி விழுகிறது, மிதக்கிறது, பின்னால் போகிறது. பத்து எண்ணுவதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அவள் அதைத் தினமும் பார்த்தாள். சாப்பாட்டு இடைவேளையில் தொழிற்சாலைப் பெண்களுக்கும் காட்டினாள். முதல் மாதம் அழுதவர்கள் மூன்றாவது மாதம் கை கழுவ எழுந்து போனார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

இரண்டு வருடம் முடிந்து ஒரு புதன்கிழமை, கண் எரிச்சலென்று அவள் விடுப்பில் இருந்த நாளில், கூரியர்காரன் ஒரு பையைக் கொண்டுவந்தான். நெட்டையின் பை. விசாரணை முடிந்தது, அவர் உடைமைகளைத் திருப்பி அனுப்புகிறோம் என்று முகவர் அலுவலகம் எழுதியிருந்தது. கூடவே ஆறு பக்க அறிக்கை. வழக்கமாக இப்படிப்பட்ட தபால் கணவர் பெயருக்கு அவருடைய பேருந்துப் பணிமனை முகவரியில் வரும் என்பது அவளுக்கு அன்றைக்குத் தெரியாது. யாரோ புது ஆள் வீட்டு முகவரியைப் போட்டுவிட்டிருந்தான்.

பைக்குள் மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை, சவரப் பெட்டி, நாலு துணிக் கிளிப், செல்பேசி. செல்பேசியைச் சார்ஜில் போட்டாள். அறிக்கையின் மொழி பிடிபடவில்லை, எண்கள் மட்டும் பிடிபட்டன. பழகிய எண்களைத் தேடினாள். நாலாவது பக்கத்தில் அவை இருந்தன. அவற்றுக்கு மேலே இன்னொரு நேரம், காலை எட்டு பத்து. பக்கத்தில் இன்னொரு தீர்க்கரேகை, நாற்பது டிகிரி நாற்பத்துநான்கு நிமிடம். அது எதற்கு அங்கே என்று அவளுக்குப் புரியவில்லை. தாளை எடுத்துக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கினாள்.

கப்பல்காரன் அப்போது விடுமுறையில் இருந்தான். தாளைப் பார்த்ததுமே அவன் முகம் வெளிறிவிட்டது. உங்க வீட்டு அண்ணன் வரட்டும்கா, சாயங்காலம் படிச்சுச் சொல்றேன் என்று மென்று விழுங்கினான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் படித்தான். காலைக் காவல் முடிந்து, எட்டு பத்துக்குப் பின்தளத்தில் பையன் துவைத்த துணியை உலர்த்திக்கொண்டிருந்ததைச் சமையல்காரர் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. தூங்குகிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மாலை நாலு மணிக் காவலுக்கு ஆள் வராததால் அறைக்குப் போய்ப் பார்த்தார்கள். படுக்கை விரிப்பு கலையவே இல்லை. கப்பல் முழுக்க அரை மணி தேடினார்கள். நாலரைக்குக் கப்பல் இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, வந்த வழியே திருப்பினார்கள்.

"அப்ப இந்த எடம்?" என்றாள்.

"அது கப்பல் இருந்த எடம்கா. அவன் இல்லன்னு தெரிஞ்சப்ப கப்பல் இருந்த எடம்."

"அவன் விழுந்த எடம் இல்லியா?"

அவன் தாளை மடித்து நீட்டினான். "தொப்பிய நான் நெஜமாவே போட்டேன்கா," என்றான்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தாளை வாங்கிக்கொண்டு மாடியேறினாள்.

கணக்குப் போட அவளுக்கு யாரும் தேவைப்படவில்லை. அந்த வித்தையைத்தான் இரண்டு வருடம் விழுந்து விழுந்து கற்றிருந்தாளே. கப்பலின் வேகம் மணிக்குப் பதின்மூன்று கடல் மைல் என்று அறிக்கையில் இருந்தது. எட்டு பத்திலிருந்து நாலரை வரை, எட்டு மணி நேரம் இருபது நிமிடத்தில் நூற்றெட்டு மைல். இருநூறு கிலோமீட்டர். நேர் மேற்கே போன கப்பல், அதனால் வடக்கு முப்பத்தொன்று பதினான்கு மாறவில்லை, அது சத்தியமான எண். மற்ற எண் பொய். பாதி முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் குண்டூசி குத்திக் கும்பிட்டிருக்கிறாள். வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். தொப்பி பின்னால் போனது, பத்து எண்ணுவதற்குள் காணவில்லை. அந்த வீடியோ முதல் நாளிலிருந்து இதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. பத்து நொடியிலேயே இவ்வளவு என்றால் எட்டு மணி நேரத்தில் எவ்வளவு என்று அவளுக்கு உறைக்கவே இல்லை.

அப்போது மகனின் செல்பேசி உயிர் பெற்றது. திரையில் தவறிய அழைப்பு இரண்டு. அம்மா, காலை பத்து மணி இரண்டு நிமிடம். அம்மா, பத்து மணி நாலு நிமிடம்.

கலையாத படுக்கை. தூக்கமே இல்லை. அவள் கூப்பிட்டபோது போன்தான் அறையில் கிடந்தது, அவன் இல்லை. எட்டு பத்துக்கும் பத்து இரண்டுக்கும் நடுவில் அவன் விழுந்திருக்க வேண்டும். பென்சில் தன் பாட்டுக்கு ஓடியது. இருபத்துநாலு மைல். இருநூறு கிலோமீட்டர்க் கோடு நாற்பத்தைந்து கிலோமீட்டராகச் சுருங்கியது. அதைச் சுருக்கிக் கொடுத்தது அவளுடைய இரண்டு அழைப்புகள். அவன் எங்கே என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த சாட்சி, எடுக்கப்படாத அந்த இரண்டு அழைப்புகள் மட்டும்தான். அந்தச் சாட்சி அன்றைக்கே அவளுடைய கையில் இருந்தது, ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு, ஃபிரிட்ஜுக்கு எதிரில்.

அறிக்கையில் மீதியும் இருந்தது. கடல் அமைதி. நீரின் வெப்பம் இருபத்தைந்து டிகிரி. வெளிச்சம் ஏழு மணி வரை. தேடி வந்த கப்பல் அந்த நாற்பத்தைந்து கிலோமீட்டரைத் தொட்டபோது நேரம் இரவு பதினொன்றைத் தாண்டியிருந்தது, கையில் விளக்குகள் மட்டும். அன்றைக்குப் பத்தே காலுக்கு யாராவது சொல்லிக் கப்பல் திரும்பியிருந்தால் நல்ல வெயிலில், உச்சிப்பொழுதுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். நெட்டைக்கு நீச்சல் தெரியும். இதை அறிக்கை சொல்லவில்லை, அவளுக்குத்தான் தெரியும். பத்து வயதில் அவனை நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போய்ச் சேர்த்தவள் அவள்தான். இரண்டு மணி நேரமா, நாலு மணி நேரமா, இருட்டும் வரைக்குமா, எவ்வளவு நேரம் அவன் அந்த நீளக் கைகளை அடித்துக்கொண்டிருந்தான்? இந்தக் கணக்குக்கு அவளிடம் எண் இல்லை.

ஆறு மணிக்குக் கணவர் வந்தார். வாசலிலேயே பையைப் பார்த்தார். மேசைமேல் தாளையும், பென்சில் கணக்கையும், செல்பேசியையும் பார்த்தார். காக்கிச் சட்டைப் பொத்தானைக் கழற்றப் போன கை அப்படியே நின்றது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"கடுதாசி வந்த அன்னிக்கே. கீழ போய்த் தம்பிகிட்ட காட்டினேன். அது கப்பல் இருந்த எடம்தான்னு பாத்த ஒடனே சொல்லிட்டான். மத்ததெல்லாம் பணிமனைக்கு வந்த தபால்ல இருந்துச்சு."

இரண்டு வருடம். சுவரில் குண்டூசி குத்தும்போது சுத்தியலை எடுத்துக் கொடுத்த மனிதர். தொப்பிக்கு நூல் வாங்கி வந்த மனிதர். நல்லவேளை எழுப்பவில்லை என்று அவள் வாய்தவறி ஒரு தடவை சொன்னபோது, ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போன மனிதர். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை, ஒரு பார்வை பார்க்கவில்லை.

"போன் போடலாம்னு நீங்க சொன்னீங்க," என்றாள். "நான்தான் வேணாம்னேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நம்பர் எனக்கும்தான் கண்ணு முன்னாடி இருந்துச்சு," என்றார். "நீ வேணாம்னதும் எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சு. போட்டு என்ன கேக்கறதுன்னு எனக்கும் கூச்சமா இருந்துச்சு."

பேசித் தீருகிற விஷயமாக அது இல்லை. ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள் என்று சொல்ல ஆசைதான், அப்படி நடக்கவில்லை. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். சோறு வடித்தாள். இருவரும் சாப்பிட்டார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று இருவருக்கும் தெரியாது.

படுக்கப் போகும்முன் அவள் வரைபடத்துக்கு எதிரில் நின்றாள். குண்டூசியைப் பிடுங்கினாள். நீலத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதிலிருந்து கிழக்கே விரலை நகர்த்தினாள். இந்த வரைபடத்தில் இருநூறு கிலோமீட்டரும் அரை விரலுக்குள் அடங்கிவிட்டது, நாற்பத்தைந்துக்கு நகக்கண் அளவுகூட இல்லை. எங்கே குத்துவது? குத்தினால் மறுபடியும் ஒரு பொய்தான். கையில் ஊசியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தையல் மேசைக்குப் போய் ஊசித்திண்டில் மற்ற ஊசிகளோடு குத்திவைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஊசித்திண்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். நூற்றிருபது தொப்பிக்கும் துண்டுகளைப் பிடிக்க ஊசிகளை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். மத்தியானம் நினைவு வந்து திண்டைத் திருப்பிப் பார்த்தாள். ஐம்பது அறுபது குண்டூசி இருந்தது, எல்லாம் ஒரே மாதிரி. அதில் எது அவனுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.